கார்களுக்குக் கதவடைத்த காட்டுச் சாலை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் வடமேற்குப் பகுதியில், காட்டு ஓடை ஒன்றை ஒட்டி வளைந்து வளைந்து செல்கிறது ஒரு தார்ச்சாலை. எதிரெதிரே இரண்டு கார்கள் போகும் அகலம் உண்டு. பாலங்கள் உண்டு, பெயர்ப்பலகைகள் உண்டு. ஆனால், அதன் முக்கியப் பகுதிகளில் கார்களைக் காண முடியாது.

சாலையின் குறுக்கே ஒரு தடுப்புக் கதவு. காரில் வந்தவர் அங்கிருந்து திரும்பிப் போக வேண்டும். மிதிவண்டியில் வந்தவருக்கு அங்கிருந்துதான் பயணமே தொடங்குகிறது. குனிந்த தலையோடு வேகமாக மிதித்துச் செல்பவர்கள், பக்கத்துக்கு ஒரு சிறு சக்கரம் பொருத்திய சைக்கிளில் தடுமாறும் பிள்ளைகள், நாயோடு நடப்பவர்கள், சக்கர நாற்காலியில் காற்று வாங்க வந்த முதியவர்கள் என எல்லாருக்கும் அந்தத் தார்ச்சாலையில் இடம் இருக்கிறது.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக வண்டிகள் ஓடிய சாலை அது. அதன் சில பகுதிகள் இனி எந்நாளும் கார்களுக்கு இல்லை என்று 2022-ஆம் ஆண்டில் முடிவானது. அந்த முடிவு எப்படி வந்தது, யார் கேட்டார்கள், யார் எதிர்த்தார்கள் என்பதை அறிந்துகொள்வது, வீட்டு வாசலில் இறங்கினாலே வாகன நெரிசலைச் சந்திக்கும் நமக்கும் பயன்படும்.

அதிபர் மாளிகை தேடிப் போய்க் கிடைத்த காடு

அந்தக் காட்டின் பெயர் ராக் கிரீக் பூங்கா. தமிழில் சொன்னால் 'பாறை ஓடைப் பூங்கா'. பெயர்தான் ஓடை, அதன் நீளமோ ஏறக்குறைய 53 கிலோமீட்டர். மேரிலாந்து மாநிலத்தில் பிறந்து, தலைநகருக்குள் நுழைந்து, போட்டோமேக் ஆற்றில் கலக்கிறது.

உள்நாட்டுப் போர் முடிந்திருந்த காலம் அது. அமெரிக்க அதிபருக்குப் புதிய மாளிகை கட்ட நல்ல இடம் பார்க்கும்படி நெத்தேனியல் மிக்லர் எனும் ராணுவப் பொறியாளரிடம் சொல்லப்பட்டது. இடம் பார்க்கப் போனவரின் மனத்தை அந்த ஓடைப் பள்ளத்தாக்கு கவர்ந்துவிட்டது. அதை மக்களுக்கான பெரும் பூங்காவாக்கலாம் என்று அவர் 1867-ஆம் ஆண்டு தமது அறிக்கையில் பரிந்துரைத்தார். மாளிகை அங்கு வரவில்லை. பூங்கா வந்தது, அதற்கும் 23 ஆண்டுகள் ஆயின.

1890-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் கையொப்பமிட்ட சட்டத்தின் வழி ராக் கிரீக் பூங்கா உருவானது. இன்று அதன் பரப்பு சுமார் 1,750 ஏக்கர். நியூயார்க் நகரின் புகழ்பெற்ற சென்ட்ரல் பூங்காவைப் போல் இரு மடங்குக்கும் மேல். ஓக், பீச், துலிப் மரங்கள் அடர்ந்த காடு அது. மான்கள் சாலையைக் கடந்து போவது அங்கு அன்றாடக் காட்சி.

அந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காட்டையும் அதன் உயிரினங்களையும் காக்க வேண்டும் என்று சொன்ன அதே சட்டம், வண்டிகளுக்குச் சாலையும் குதிரைகளுக்குத் தடமும் நடப்போருக்குப் பாதையும் அமைக்க வேண்டும் என்றும் சொன்னது. அதாவது, சாலை பிற்காலத்தில் திணிக்கப்பட்டதன்று. பூங்கா பிறந்த நாளிலேயே எழுதி வைக்கப்பட்டது. ஆனால், 1890-இல் வண்டி என்றால் அது குதிரை வண்டி. மோட்டார் கார் அப்போது அமெரிக்கத் தெருக்களுக்கு வந்திருக்கவில்லை.

'பீச்' என்றால் கடற்கரை அன்று

ஓடையை ஒட்டிச் செல்லும் அந்தச் சாலைக்கு 'பீச் டிரைவ்' என்று பெயர். அருகில் கடலும் இல்லை, கடற்கரையும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அந்தச் சாலையை அமைக்க முன்னின்றவர் லான்சிங் பீச் எனும் ராணுவப் பொறியாளர். அவர் பெயரே சாலைக்கு நிலைத்துவிட்டது.

அந்தக் காலம் அமெரிக்காவில் மிதிவண்டியின் பொற்காலம். இரு சக்கரமும் ஒரே அளவில் அமைந்த, காற்றடைத்த டயர் பொருத்திய சைக்கிள் அப்போதுதான் பரவலாக விற்பனைக்கு வந்திருந்தது. ஆனால், ஓட்டுவதற்கு நல்ல சாலை இல்லை. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. 1880-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமெரிக்க மிதிவண்டியோட்டிகளின் சங்கம், நல்ல சாலை வேண்டும் என்று நாடு முழுவதும் குரல் எழுப்பியது. நாடாளுமன்ற உறுப்பினர்களையும் விவசாயிகளையும் அது விடாமல் நச்சரித்தது.

கார் வருவதற்கு முன்பே சமமான சாலை கேட்டுப் போராடியவர்கள் சைக்கிள்காரர்கள். அவர்கள் கேட்டு வந்த சாலையில் பிறகு கார் ஏறிக்கொண்டது. ஓரத்துக்குப் போன சைக்கிள், நாளடைவில் அந்த ஓரத்தையும் இழந்தது. ராக் கிரீக்கின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். குதிரை வண்டிக்கான பூஞ்சாலையாக இருந்த பீச் டிரைவ், வட புறநகர்களில் இருந்து நகருக்குள் வேலைக்குச் செல்வோரின் குறுக்கு வழியானது.

ஓடையோடு போகும் சாலையின் அருமை

மிதிவண்டி ஓட்டுவோர் அந்தச் சாலையை விரும்புவதற்குக் காரணம் எளிது. தண்ணீர் எப்போதும் தாழ்வான வழியைத் தேடிப் போகும். அந்தத் தண்ணீரின் கரையிலேயே சாலை போட்டால் அதற்கும் செங்குத்தான ஏற்றம் இருக்காது. குன்றுகள் இரு பக்கமும் உயர்ந்து நிற்க, சாலை மட்டும் பள்ளத்தாக்கின் அடியில் மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. புதிதாகச் சைக்கிள் பழகுபவருக்கும், முழங்கால் வலியோடு ஓட்டுபவருக்கும் இது பெரிய உதவி.

மரநிழல் இன்னொரு காரணம். வாஷிங்டனின் கோடை வெயில் நம் ஊர் வெயிலுக்குச் சளைத்ததன்று, புழுக்கமும் அதிகம். காட்டுக்குள் நுழைந்தால் அந்தச் சூடு தணிகிறது.

ஆனால், இதே சாலைக்கு ஓர் ஆபத்தும் இருந்தது. ஓடையின் ஒவ்வொரு வளைவையும் பின்பற்றுவதால் சாலைக்கும் அத்தனை வளைவுகள். எதிரே வருவது தெரியாது. ஓரத்தில் ஒதுங்க இடமும் குறைவு. பூங்காவின் தென்பகுதியில் நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் தனிப் பாதை உண்டு. வடக்கே போனால் பெரும்பகுதியில் அப்படி ஒரு பாதை கிடையாது. சாலைதான் ஒரே வழி. வாரநாள்களில் சைக்கிளில் போக வேண்டுமானால், அவசரமாக வேலைக்குப் போகும் கார்களுக்கு இடையில்தான் போக வேண்டும்.

தனிப் பாதை போட்டால் போதாதா என்று கேட்கலாம். குறுகிய பாதையில் வேகமாகப் போகும் சைக்கிளும், நின்று நின்று நடக்கும் பிள்ளையும், தள்ளுவண்டியோடு வரும் தாயும் சேர்ந்தால் உரசல் வரும். முழுச் சாலை கிடைத்தால் வேகமானவர் விலகிப் போகலாம். மெதுவானவர் அச்சமின்றி நடக்கலாம். மேலும், ஓடைக் கரையில் இன்னொரு பாதை போட மரங்களை வெட்ட வேண்டும், கரையைச் செதுக்க வேண்டும். இருக்கும் சாலையைப் பயன்படுத்தினால் ஒரு மரமும் விழாது.

வார இறுதியில் மட்டும் கிடைத்த சாலை

இந்தக் கோரிக்கை புதிதன்று. சனி, ஞாயிறுகளில் பீச் டிரைவின் சில பகுதிகளைக் கார்களுக்கு மூடும் வழக்கம் பல பத்தாண்டுகளாகவே இருந்து வந்தது. வெள்ளிக்கிழமை வரை குறுக்கு வழியாக இருந்த சாலை, வார இறுதியில் விளையாட்டுத் திடலாக மாறும். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் கார்கள் வரும்.

2016 முதல் 2019 வரை பீச் டிரைவ் பகுதி பகுதியாக மூடப்பட்டு முழுமையாகச் சீரமைக்கப்பட்டது. பழுதடைந்த தார் பெயர்க்கப்பட்டுப் புதிய சாலை போடப்பட்டது. பாலங்களும் செப்பனிடப்பட்டன. பணி முடிந்த சில மாதங்களில் கோவிட்-19 பெருந்தொற்று வந்தது.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பூங்காவைப் பராமரிக்கும் தேசியப் பூங்காச் சேவை, பீச் டிரைவின் வடபகுதியை எல்லா நாளும் கார்களுக்கு மூடியது. மக்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் விலகி நின்று காற்று வாங்க அகலமான இடம் தேவைப்பட்டது. அலுவலகங்கள் மூடியிருந்ததால் சாலையில் கார்களும் குறைந்திருந்தன. தற்காலிக ஏற்பாடு என்றுதான் அது தொடங்கியது.

ஆனால், தற்காலிகமாகக் கிடைத்ததை மக்கள் அன்றாடம் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வாரநாள் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். பள்ளி முடிந்த பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். பெருந்தொற்று தணிந்ததும் கேள்வி எழுந்தது: கதவை மீண்டும் திறப்பதா?

எதிர்த்தவர்களின் நியாயம்

திறக்க வேண்டும் என்றவர்கள் எல்லாரையும் சைக்கிள் வெறுப்பாளர்கள் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் முன்வைத்த கவலைகள் மெய்யானவை.

முதலாவது, வேலைக்குப் போகும் வழி. பல ஆண்டுகளாக அந்தச் சாலையை நம்பி வீட்டையும் வேலையையும் அமைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். இரண்டாவது, அக்கம் பக்கத்துக் குடியிருப்புகள். ஒரு சாலையை அடைத்தால் கார்கள் காணாமல் போய்விடுமா, எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தானே வரும் என்று அங்குள்ளோர் கேட்டார்கள். மூன்றாவது, முதியவர்களும் உடற்குறையுள்ளோரும். நீண்ட தூரம் நடக்கவோ மிதிக்கவோ முடியாதவர்கள், காரில் மெல்லப் போய்க் காட்டைப் பார்த்து வருவதுண்டு. சாலையை மூடினால் அவர்களுக்குக் காடே மூடப்பட்டது போலாகும் என்றார்கள்.

மூடியே இருக்க வேண்டும் என்றவர்களும் இதே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள். கார் ஓட்ட நகரெங்கும் சாலைகள் இருக்கின்றன. ஒன்று போனால் இன்னொன்று. காட்டுக்குள், ஓடைக் கரையில், அச்சமின்றி மிதிக்க வேறு எந்தச் சாலை இருக்கிறது? கார் வைத்திராதவர்களின் காடு எது? வாஷிங்டன் நகர மன்றமும் சாலை மூடியே இருக்க ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால், முடிவெடுக்கும் அதிகாரம் நகர மன்றத்திடம் இல்லை. பூங்கா கூட்டரசுக்குச் சொந்தமானது. இறுதிச் சொல் தேசியப் பூங்காச் சேவையுடையது.

கோடைக்கு மட்டுமா, ஆண்டு முழுவதுமா?

2022-ஆம் ஆண்டின் நடுவில் தேசியப் பூங்காச் சேவை நடுவழி ஒன்றை முன்மொழிந்தது. கோடைக் காலத்தில் முழுவதும் மூடலாம். மற்ற மாதங்களில் வாரநாள்களில் கார்களை விடலாம். வார இறுதியில் பழையபடி மூடலாம் என்பதே அந்தத் திட்டம். இரு தரப்புக்கும் பாதி பாதி.

அந்த முன்மொழிவு வெளியானதோடு பொதுமக்கள் கருத்துச் சொல்லவும் காலம் ஒதுக்கப்பட்டது. அங்கேதான் திருப்பம் நிகழ்ந்தது. சைக்கிள் சங்கங்கள் மட்டுமன்றி, நடப்பவர்களும் பெற்றோரும் அக்கம் பக்கத்துக் குடியிருப்பாளர்களும் எழுதினார்கள். வந்து குவிந்த கருத்துகளில் பெரும்பான்மை, ஆண்டு முழுவதும் மூட வேண்டும் என்றது. இலையுதிர் காலத்திலும் வேலைக்குப் போக வேண்டும், குளிர்காலத்திலும் பிள்ளைகள் விளையாட வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

அந்த ஆண்டு முடிவதற்குள் தேசியப் பூங்காச் சேவை தனது முன்மொழிவையே மாற்றிக்கொண்டது. பீச் டிரைவின் வடபகுதியில் மூன்று துண்டுகள் ஆண்டு முழுவதும், எல்லா நாளும் கார்களுக்கு மூடப்பட்டிருக்கும் என்று அறிவித்தது. அரசு அமைப்பு ஒன்று தான் விரும்பித் தேர்ந்த திட்டத்தை, மக்கள் எழுதிய கருத்துகளைப் படித்த பின் மாற்றியமைத்தது என்பதே இந்தக் கதையின் உயிர்.

எதிர்த்தவர்களின் கவலையும் முழுவதுமாக ஒதுக்கப்படவில்லை. மூன்று துண்டுகளுக்கும் இடையில் கார்கள் செல்லும் பகுதிகள் விடப்பட்டுள்ளன. குடும்பத்தோடு உண்டு களிக்கும் திடல்கள் சிலவற்றுக்கு அவ்வழியே காரில் வரலாம். தெற்கே, நகர மையத்துக்குச் செல்லும் ராக் கிரீக் பார்க்வே சாலையில் கார்கள் வழக்கம் போல ஓடுகின்றன. காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் அது ஒருவழிச் சாலையாகவே மாற்றப்பட்டதும் உண்டு. கார்களுக்கு வழியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மிதிப்பவருக்கும் கடமை உண்டு

கார் இல்லை என்பதால் சட்டமும் இல்லை என்று ஆகிவிடாது. அங்கே சைக்கிள் ஓட்டப் போகும் நம்மவர்கள் முதலில் நினைவில் வைக்க வேண்டியது, அமெரிக்காவில் வலப்பக்கம் போக வேண்டும் என்பது. இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நம் கை, கார் இல்லாத சாலையில் தன்னையறியாமல் பழைய பக்கத்துக்கே போகும். முந்துவதானால் முன்னால் போகிறவரின் இடப்புறமாக, மணியடித்தோ குரல் கொடுத்தோ முந்த வேண்டும்.

மூடிய துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்கும் இடைவெளிகளில் கார் வரும். ஒரு மணி நேரம் அச்சமின்றி மிதித்த மயக்கத்தில் அந்த இடத்தைக் கவனிக்காமல் விடுவது ஆபத்து. இலையுதிர் காலத்தில் தரையெங்கும் ஈர இலைகள். வளைவில் வேகமாகத் திரும்பினால் சக்கரம் வழுக்கும். பெருமழைக்குப் பின் ஓடை பெருகித் தாழ்வான சாலையில் ஏறிவிடும். அப்போது சைக்கிளுக்கும் வழியில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேகம். காரிடமிருந்து மீட்ட சாலையில், தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்குச் சைக்கிளே காராகிவிடக் கூடாது.

ஓடை இன்னும் குணமாகவில்லை

கார்களை நிறுத்தியதால் காடு முழுவதும் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நினைத்தால் அது தவறு. ராக் கிரீக் ஓடையில் குளிக்கவோ கால் நனைக்கவோ இன்றும் அனுமதி இல்லை. வாஷிங்டனின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. கனமழை பெய்தால் குழாய் கொள்ளாமல் கழிவு ஓடைக்குள் வழிகிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரில் நோய்க்கிருமி இருக்கலாம்.

நம்பிக்கை தரும் பணிகளும் நடந்துள்ளன. 1820-களில் கட்டப்பட்ட பியர்ஸ் மாவு ஆலை இன்றும் ஓடைக் கரையில் நிற்கிறது. அதன் அருகிலுள்ள தடுப்பணை, முட்டையிட ஆற்றின் மேற்பகுதிக்குப் போகும் ஹெர்ரிங் மீன்களுக்கு நெடுங்காலம் தடையாக இருந்தது. அங்கே மீன்கள் ஏறிச் செல்லப் படிக்கட்டு போன்ற தனி வழி அமைக்கப்பட்டது. மனிதருக்குச் சாலை திறந்தது போல, மீனுக்கும் ஒரு வழி.

நமக்கு இதில் என்ன?

மலேசியத் தமிழருக்குச் சைக்கிள் புதிய பொழுதுபோக்கு அன்று. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வாளிகளைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, பால்மரங்களுக்கு நடுவே செம்மண் சாலையில் மிதித்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தச் சாலையில் எப்போதாவது ஒரு லாரி வரும். துரையின் கார் வரும். மற்றபடி அது மிதிப்பவரின் சாலையாகவே இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளும் நெடுஞ்சாலைகளும் வந்த பிறகு, அந்தத் தாத்தாவின் பேரனுக்குச் சைக்கிள் ஓட்ட வீட்டு முன்வாசல்தான் மிஞ்சியது.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. இரு சக்கர வண்டிகளுக்கென்றே தனித் தடம் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலேயே போடப்பட்டது. கோலாலம்பூர் நகர மையத்தின் சில சாலைகள் ஞாயிறு காலைகளில் சில மணி நேரம் கார்களுக்கு மூடப்பட்டதுண்டு. சிங்கப்பூரில் பூங்காக்களை இணைக்கும் பாதைகள் தீவெங்கும் நீள்கின்றன.

ஆனால், எந்தச் சாலை யாருக்கு என்பதை முடிவு செய்யும் இடத்தில் நம் குரல் ஒலிக்கிறதா என்பதே கேள்வி. மலேசியாவில் 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒரு வட்டாரத்தின் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்கும் உரிமை மக்களுக்கு உண்டு. அந்த அறிவிப்பு நகராண்மைக் கழகத்தின் பலகையில் தொங்கும்போது, அதைப் போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆற்றோரத்தில் ஒரு பாதை, பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு தடம், ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம் மூடிய ஒரு தெரு. கேட்பவர் இருந்தால்தான் கொடுப்பதா வேண்டாமா என்ற பேச்சே எழும்.

வாஷிங்டனில் அந்தக் கதவைக் காவலுக்கு நின்று மூடி வைத்திருப்பவர் யாரும் இல்லை. தினமும் அங்கே வந்து மிதித்தவர்களும், வீட்டில் உட்கார்ந்து பத்து வரி எழுதி அனுப்பியவர்களும் சேர்ந்துதான் அதை மூடி வைத்தார்கள்.